ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு, ஆனா "நோ சச் ஃபைல்"னு வருது

தம்பி, கிருஷ்ணகிரில உங்க மாங்கூழ் கம்பெனியோட பழைய எடைமேடை ப்ரோக்ராமை புது 64 பிட் உபுண்டு மெஷினுக்கு காப்பி பண்ணீங்க, எல்எஸ் போட்டா ஃபைல் தெரியுது, ரன் பண்ணா "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"னு வருதுன்னு கேட்டிருந்தீங்க. பெர்மிஷனை நோண்டாதீங்க, அதுல தப்புன்னா "பெர்மிஷன் டினைட்"னுதான் வரும்.

காணாம போனது உங்க ஃபைல் இல்ல, அதோட லோடர், அதாவது ப்ரோக்ராமை அதுக்கு வேணுங்கற லைப்ரரிகளோட சேர்த்து ஓட விடுற இன்னொரு ஃபைல். கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, முதல்ல ஹெடரை, ஃபைலோட ஆரம்பத்துல இருக்கற குறிப்பை படிக்கும், முதல் பைட் 127, அடுத்து இ, எல், எஃப்னு மூணு எழுத்து, அஞ்சாவது பைட் 1னா 32 பிட், 2னா 64 பிட். அப்புறம் ஃபைலோட பகுதிகளை பட்டியல் போட்ட ப்ரோக்ராம் ஹெடர் டேபிளுக்கு போய் லோட்னு குறிச்ச பகுதிகளை மெமரில மேப் பண்ணும். மொத்த ஃபைலையும் அப்பவே ராம்ல கொட்டாது, தொடுற பேஜ், அதாவது மெமரியோட சின்னத் துண்டுதான் உள்ள வரும், உங்க மெஷின்ல ஒரு பேஜ் 4096 பைட், எனக்கு இதுல ரொம்ப புடிச்ச இடமே இதான். அதே டேபிள்ல இன்டெர்ப்னு ஒரு என்ட்ரி இருக்கும், எந்த லோடரை கூப்பிடணும்னு அதுல முழு பாத் எழுதியிருக்கும், அந்த பாத்ல ஃபைல் இல்லன்னா கெர்னல் குடுக்குற எரரைத்தான் ஷெல் உங்க ப்ரோக்ராம் பேர்ல காட்டுது.

உங்க ப்ரோக்ராம் மேல ரீட்எல்ஃப் மைனஸ் எல் கமாண்டை போட்டு "ரிக்வெஸ்டிங் ப்ரோக்ராம் இன்டர்ப்ரெட்டர்"ங்கற வரிய பாருங்க. எல்டி-லினக்ஸ் டாட் எஸ்ஓ டாட் 2னு இருந்தா அது 32 பிட் லோடர், உங்க புது மெஷின்ல இல்லாதது அதுதான். பேக்கேஜ் போடுற டிபிகேஜி கமாண்டுல ஐ386ங்கற 32 பிட் ஆர்க்கிடெக்சரை சேர்த்து, ஏபிடி அப்டேட் குடுத்து, அந்த லோடர் இருக்கற லிப்சி6 பேக்கேஜோட ஐ386 வெர்ஷனை போடுங்க. தருமபுரில ஒரு ரைஸ்மில் மெஷின்ல இதே எரருக்கு நான் அரை நாள் அலைஞ்சேன், இதை போட்டதும் ஓடிருச்சு.

அதுக்கப்புறம் வேற ஏதாவது எஸ்ஓ ஃபைல் (லைப்ரரி ஃபைல்) இல்லன்னு சொன்னா அந்த வரிய அப்படியே இங்க போடுங்க, பாக்கறேன்.