தனியே பறக்கும் பிள்ளை: எந்த வயதில், யார் பொறுப்பில்?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, மகனுக்கு 8 வயது. டிசம்பர் விடுமுறையில் இருவரையும் கோத்தகிரியில் இருக்கும் என் அப்பாவிடம் அனுப்ப விரும்புகிறோம். கட்டுநாயக்கவில் நாங்கள் ஏற்றிவிட்டால், திருச்சியில் என் தம்பி வந்து அழைத்துக்கொள்வான். எனக்கும் கணவருக்கும் லீவு கிடைக்காது. அக்கா துணைக்கு இருக்கிறாள்தானே என்று இருவருக்கும் சாதாரண டிக்கெட் எடுத்துவிடலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: விமான நிறுவனத்திடம் கேட்காமல் எடுத்துவிடாதீர்கள், சகோதரி. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தைத் தொடர்ந்து நீலகிரியில் குடியேறிய உறவுகளிடம் பிள்ளைகளை அனுப்பிவைக்க நினைக்கும் குடும்பங்கள் மலையகத்தில் இன்றும் நிறைய உள்ளன என்பதால், உங்களுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அக்காவின் விடயம். வீட்டில் தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பும் பொறுப்பை 14 வயதுப் பெண் அழகாகச் செய்வாள். ஆனால், ஒரு சிறுவனுடன் பயணிப்பவரைப் பெரியவராக ஏற்றுக்கொள்ள, சில விமான நிறுவனங்கள் 16 வயதையும் வேறு சில 18 வயதையும் எல்லையாக வைத்திருக்கின்றன. அந்த எல்லைக்குக் குறைந்த அக்காவுடன் வரும் 8 வயதுத் தம்பி, அவர்கள் கணக்கில் தனியே வரும் சிறுவன்தான். இது தெரியாமல் இணையத்தில் இரண்டு டிக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் கருமபீடத்தின் முன் போய் நிற்கும் பெற்றோருக்குப் பயணத்தையே கைவிட நேரலாம்.

தனியே வரும் சிறுவர்களுக்கென்று பல நிறுவனங்கள் ஒரு சேவையை வைத்திருக்கின்றன. பயணப் பதிவில் அதற்கான குறியீடு யூ.எம்.என்.ஆர். என்பதாகும். பெரும்பாலும் 5 வயது நிறைந்து 12 வயது நிறையாத பிள்ளைகளுக்கு இந்தச் சேவை கட்டாயம். எனினும் உலகம் முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. எமிரேட்ஸ் நிறுவனத்தில் 5 முதல் 11 வயது வரை கட்டாயமாகவும், 12 முதல் 15 வயது வரை பெற்றோரின் விருப்பப்படியும் இச்சேவை கிடைக்கிறது. எயார் கனடா 8 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தனியே ஏற்றுவதில்லை. பிரிட்டிஷ் எயார்வேஸ் 2016ஆம் ஆண்டில் இந்தச் சேவையையே நிறுத்திவிட்டது; அதில் 14 வயது நிறையாத பிள்ளை 16 வயது நிறைந்த ஒருவருடன்தான் செல்ல முடியும். ஐரோப்பாவின் ரயன்எயாரில் தனியே செல்ல 16 வயது நிறைந்திருக்க வேண்டும். எனவே, ஒரு நிறுவனத்தில் அனுப்பிய அனுபவத்தை வைத்து அயல்வீட்டார் சொல்லும் வயது, இன்னொரு நிறுவனத்தில் செல்லாது.

நீங்கள் செய்ய வேண்டியது, பணம் கட்டுவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் அலுவலகத்துடன் பேசி, இருவரின் பிறந்த திகதிகளையும் சொல்லி, மகனுக்கு இந்தச் சேவையைப் பதிவுசெய்வதுதான். மகளையும் அதில் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். முடியுமென்றால் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒரு விமானத்தில் இத்தனை பிள்ளைகளைத்தான் ஏற்கலாம் என்ற வரம்பைப் பல நிறுவனங்கள் வைத்திருப்பதால், விடுமுறைக் காலத்திற்கு முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அவர்கள் சம்மதித்ததை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி, சேவைக்காக நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் படிவம். விமான நிலையத்தில் பிள்ளையை ஒப்படைப்பவர் யார், இறங்குமிடத்தில் பொறுப்பேற்பவர் யார், அவர்களுடைய முகவரி, தொலைபேசி எண் என்ன என்பதெல்லாம் அதில் எழுதப்படும். படிவமும் கடவுச்சீட்டும் ஒரு சிறிய பையில் வைக்கப்பட்டு, பெரும்பாலும் பிள்ளையின் கழுத்திலேயே தொங்கும். கருமபீட ஊழியர் பிள்ளையை விமானப் பணியாளரிடம் ஒப்படைப்பார். அவர் திருச்சியில் தரை ஊழியரிடம் ஒப்படைப்பார். கடைசியாக உங்கள் தம்பி அடையாள ஆவணத்தைக் காட்டிக் கையெழுத்திட்ட பிறகே பிள்ளை வெளியே வரும். இங்கேதான் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் ‘ராஜா மாமா’ என்று கூப்பிடும் ஒருவருக்கு ஆதார் அட்டையில் முற்றிலும் வேறொரு பெயர் இருக்கலாம். அட்டையில் உள்ள எழுத்துகளை அப்படியே பார்த்து, முதலெழுத்து, தகப்பன் பெயர் உட்பட, படிவத்தில் எழுதுங்கள். தம்பிக்கு அன்று வர முடியாமல் போனால் யார் வருவார் என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்து, இரண்டாவது பெயரைப் படிவத்தில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பெயர் இல்லாத சித்தப்பா வந்து நின்றால் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். அப்படிக் கொடுக்காமல் இருப்பதுதான் உங்கள் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

விமானத்தில் பணியாளர் பிள்ளையைக் கவனித்துக்கொள்வார், ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க மாட்டார். மருந்து கொடுப்பதும் பொதுவாக அவர்களுடைய வேலை அன்று. மகனுக்கு இழுப்பு, வலிப்பு போன்ற நோய் ஏதும் இருந்தால் பதிவின்போதே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வாந்தி வந்தால், பயமாக இருந்தால், கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். மாமாவின் எண்ணைத் தொலைபேசியில் மட்டும் வைக்காமல், ஒரு தாளிலும் எழுதிப் பையில் போடுங்கள்.

கேள்வி: துபாயில் வேலை செய்யும் என் கணவரிடம் 11 வயது மகனை அனுப்புகிறேன். அங்கிருக்கும்போது அவனுக்கு 12 வயது நிறைந்துவிடும். ‘எப்படியும் 12 ஆகிவிடும், பெரியவர் டிக்கெட்டே போட்டுவிடலாம், எதுவும் சொல்ல வேண்டாம்’ என்கிறார் முகவர். சரியா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: சரியல்ல. பயணம் செய்யும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. போகும்போது அவனுக்கு 11 என்றால், மேலே சொன்ன எமிரேட்ஸ் போன்ற நிறுவனத்தில் இந்தச் சேவை இல்லாமல் அவனை ஏற்ற மாட்டார்கள். திரும்பும்போது 12 நிறைந்திருப்பதால் அந்தக் கட்டாயம் நீங்கும். விரும்பினால் அப்போதும் சேவையைக் கேட்டுப் பெறலாம். முதன்முறை தனியே பறக்கும் பிள்ளைக்கு அதைக் கேட்டுப் பெறும்படியே சொல்வேன். பிறந்த திகதி கடவுச்சீட்டிலேயே இருக்கும்போது, சொல்லாமல் விடுவதால் எந்தப் பயனும் இல்லை. முகவர் மறுத்தால் விமான நிறுவனத்திடம் நேரடியாகப் பேசுங்கள். இடையில் விமானம் மாறாத நேரடிச் சேவையையே தேர்ந்தெடுங்கள். இரவு முழுக்க இடைத்தங்கல் உள்ள பயணத்தையும், பாதியில் வேறு நிறுவனத்தின் விமானத்திற்கு மாற வேண்டிய பயணத்தையும் பல நிறுவனங்கள் தனியே செல்லும் சிறுவர்களுக்கு அனுமதிப்பதில்லை.

கட்டணத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் சிறுவர் கட்டணச் சலுகையை நீக்கிப் பெரியவர் கட்டணம் வாங்குகின்றன. சில தனிச் சேவைக் கட்டணம் அறவிடுகின்றன.

கேள்வி: மகளும் மருமகனும் வெளிநாட்டில். 4 வயதுப் பேத்தி எங்களோடு இருக்கிறாள். அவளை விமானப் பணியாளர் பொறுப்பில் அனுப்ப முடியுமா? எங்கள் தோட்டத்துப் பெண் ஒருவர் அதே விமானத்தில் போகிறார்.
– வாசகர், தலவாக்கலை

பதில்: ஐயா, 5 வயது நிறையாத பிள்ளையைப் பணியாளர் பொறுப்பில் மட்டும் ஏற்றுவதில்லை. அந்தப் பெண்ணோடு அனுப்பலாம். ஆனால் அவருக்கு விமான நிறுவனம் கேட்கும் வயது இருக்க வேண்டும், இருவரின் டிக்கெட்டும் ஒரே பதிவில் இருப்பது நல்லது. பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு, அவருடைய பெயரையும் கடவுச்சீட்டு எண்ணையும் குறிப்பிட்ட சம்மதக் கடிதம் அவர் கையில் இருக்கட்டும். குடிவரவு அதிகாரிகள் கேட்கக்கூடும். பேத்திக்கு இன்னும் கடவுச்சீட்டு இல்லையென்றால், அதற்கும் பெற்றோர் இருவரின் சம்மதம் தேவை. அவர்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அதை உறுதிப்படுத்தி அனுப்பச் சொல்லுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தாய் தகப்பன் பெயர்கள் அவர்களுடைய கடவுச்சீட்டுகளில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். தோட்டப் பகுதிகளில் பதியப்பட்ட பெயர்களில் எழுத்துப் பிழைகள் அதிகம். அவற்றைத் திருத்தக் காலம் எடுக்கும்.

கேள்வி: பிள்ளையை ஒப்படைத்தவுடன் நாங்கள் ஊருக்குத் திரும்பிவிடலாமா?
– வாசகர், பதுளை

பதில்: விமானம் தரையை விட்டு எழும்பும் வரை நிலையத்திலேயே இருங்கள். நீண்ட நேரம் தாமதமானாலோ இரத்தானாலோ பிள்ளையை உங்களிடமே திருப்பிக் கொடுக்கக்கூடும். இந்தப் பிள்ளைகளுக்கான செக்-இன் பொதுவாக இணையத்தில் முடியாது, கருமபீடத்தில்தான் நடக்கும் என்பதால் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். மழைக்காலமென்றால் மண்சரிவால் மலைப்பாதை எந்நேரமும் மூடப்படலாம். முதல் நாளே இறங்கி நீர்கொழும்புப் பக்கம் தங்கிவிடுங்கள்.