நாய் தொலைந்தால், பிடிபட்டால்: வாசகர் கேள்விகள்

இடிச் சத்தத்தில் மிரண்டு, திறந்திருந்த கதவு வழியாக எங்கள் நாய் ஓடிவிட்டது. இரண்டு நாளாகக் காணோம். யாராவது பிடித்துக்கொண்டு போயிருந்தால் எப்படி மீட்பது? (ஈசூன் வாசகி)

முதலில் 1800-476-1600. சிங்கப்பூர் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவின் எண் இது. முன்பு இந்த வேலையைப் பார்த்த பழைய ‘ஏவிஏ’ ஆணையத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், 2019 ஏப்ரலில் பொறுப்பு கைமாறிவிட்டது. அடுத்து சுங்கை தெங்கா ரோட்டில் உள்ள விலங்குவதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவுக்குப் பேசுங்கள். அப்புறம் உங்கள் வட்டாரத்துக் கால்நடை மருந்தகங்களுக்கு ஒரு படத்தை அனுப்பி வையுங்கள். வழியில் நாயைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பக்கத்து மருந்தகத்துக்குத்தான் கூட்டிப்போகிறார்கள்.

பிடிபட்ட நாயின் கழுத்துக்குப் பின்னால் ஸ்கேனரை வைத்துத் தேய்ப்போம். தோலுக்கடியில் போட்டிருக்கும் அடையாளச் சிப்பைத் தேடத்தான் இது. சிப் அரிசி மணி அளவுதான். சில நாய்களுக்கு அது தோள் பக்கம் நகர்ந்திருக்கும், அதனால் முன்னங்கால் வரை தேய்த்துப் பார்ப்பது என் வழக்கம். ‘பீப்’ என்றதும் திரையில் 15 இலக்க எண் வரும். அவ்வளவுதான், சிப் பேசி முடித்துவிட்டது! நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. உரிமப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ள தொலைபேசி எண்தான் நாயை வீடு சேர்க்கும்.

ஒருமுறை பழுப்பு நிற நாய் ஒன்று எங்களிடம் வந்தது. சிப் இருந்தது, பதிவேட்டில் இருந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. அது முந்தைய உரிமையாளரின் எண், அவர் நாட்டைவிட்டே போயிருந்தார். இப்போதைய குடும்பம் இரண்டு புளோக் தள்ளித்தான் இருந்தது. கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. அரசாங்க இணையச் சேவைகளுக்கான ‘சிங்பாஸ்’ கணக்கு வழியாக உரிமப் பதிவுக்குள் போய் உங்கள் முகவரியும் எண்ணும் சரியா என்று இன்றே பாருங்கள். மீட்கப் போகும்போது அடையாள அட்டை, உரிமம், தடுப்பூசி அட்டை, நாயோடு நீங்கள் நிற்கும் படம் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

நாய்க்கு உரிமம் எடுக்கவே இல்லை. இப்போது போய்க் கேட்டால் மாட்டிக்கொள்வேனா?

மாட்டலாம். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு உரிமம் கட்டாயம். இல்லாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். ஆனால் அதற்குப் பயந்து நாயை அப்படியே விட்டுவிடுவது அதைவிடப் பெரிய வம்பு. விலங்கைக் கைவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போய் உண்மையைச் சொல்லுங்கள். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டு உரிமம் 15 வெள்ளி, தேக்காவில் இரண்டு பிரியாணிப் பொட்டலத்தின் காசு. கருத்தடை செய்யாவிட்டால் 90 வெள்ளி. இந்த வித்தியாசத்தை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வேலைத்தளத்தில் ஒரு நாய் இருக்கிறது. நாங்கள்தான் சோறு போடுகிறோம். அடுத்த மாதம் வேலை முடிகிறது. பிடித்தால் கொன்றுவிடுவார்களா, அண்ணே? (துவாஸ் தம்பி)

உங்கள் கவலை புரிகிறது தம்பி. 2018 நவம்பரில் அரசாங்கமும் விலங்குநல அமைப்புகளும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வீடு கிடைத்தால் கொடுப்பது, கிடைக்காவிட்டால் பொருத்தமான இடத்தில் விட்டுக் கண்காணிப்பது. ஐந்தாண்டில் 70 விழுக்காட்டுக்கு மேல் கருத்தடை என்பது அப்போதைய இலக்கு. பிடித்ததும் கொல்வதுதான் வழி என்ற காலம் இல்லை. ஆனாலும் எல்லா நாய்க்கும் வீடு கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது.

தளம் மூடிய பிறகு சொன்னால் பயனில்லை, இப்போதே மேற்பார்வையாளரிடம் சொல்லி ஓர் அமைப்பைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதுவரை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சோறு வையுங்கள். ஆளுக்கு ஒரு மூலையில் போட்டால் கூண்டு வைப்பவர் பாடு திண்டாட்டம். யார் தொட்டால் சும்மா நிற்கும், எதற்கு மிரளும், குட்டி போட்டிருக்கிறதா என்பதையும் எழுதிக் கொடுங்கள். அந்த நாயைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எந்த அதிகாரிக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட நாயை எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வளர்க்கலாமா?

நேராகத் தெருவிலிருந்து தூக்கிவர முடியாது. வீவக வீட்டில் ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட இனம். விதியை மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். நம் ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ கலப்பின நாய்களுக்கு 2012-இல் தொடங்கிய ‘அடோர்’ திட்டம் வழிவிட்டது. அதில் பங்கெடுக்கும் அமைப்பு வழியாகத் தத்தெடுக்கலாம். தோள்பட்டை உயரம் 55 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், கருத்தடையும் அடிப்படைப் பயிற்சியும் கட்டாயம்.

இரவில் நாய்க்கூட்டம் பின்னால் வந்தால்? கடித்தால் வெறிநோய் வருமா?

ஓடாதீர்கள், முறைக்காதீர்கள், கையை வீசாதீர்கள். நின்று, மெதுவாக விலகுங்கள். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநோய் இல்லை. அதற்காகக் கடியை அலட்சியம் செய்ய வேண்டாம். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, மருத்துவரைப் பார்த்துவிட்டு, மேலே சொன்ன எண்ணுக்கும் தகவல் கொடுங்கள்.