ஓபன்ஜேடிகே, ஓபன்ஜேஎஃப்எக்ஸ் இரண்டையும் ஒரே பில்ட் முறைக்கு மாற்றலாமா?

கேள்வி: எங்கள் நிறுவனம் ஜாவாவின் திறமூல வடிவமான ஓபன்ஜேடிகேயை மூலநிரலிலிருந்து தானே பில்ட் செய்கிறது, அதாவது இயங்கும் மென்பொருளாகத் தொகுக்கிறது. ஜாவாவில் திரைகளை வடிவமைக்க உதவும் ஜாவாஎஃப்எக்ஸையும் (அதன் திறமூலத் திட்டமே ஓபன்ஜேஎஃப்எக்ஸ்) சேர்த்து, ஜாவா நிரல்களை இயக்கும் ஒரே ரன்டைமாக வழங்க வேண்டும். ஓபன்ஜேடிகேயின் பில்ட் மேக் (make) என்ற கருவியில் இயங்குகிறது, ஓபன்ஜேஎஃப்எக்ஸின் பில்ட் கிரேடில் என்ற கருவியில். இரண்டையும் ஒரே முறைக்கு மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பெங்களூரு மாரத்தஹள்ளியில் உள்ள எங்கள் குழு, பீனியா தொழிற்பேட்டையின் பட்டறைகளில் இயந்திரங்களைக் கண்காணிக்கும் திரைகளுக்காக இத்தகைய ரன்டைம் ஒன்றைப் பராமரித்து வருகிறது. குழுவில் தமிழர்கள் அதிகம் என்பதால், இதே கேள்வி மதிய உணவு மேசையிலும் தமிழில் பலமுறை அலசப்பட்டிருக்கிறது. இரு கருவிகளையும் இருந்தபடியே விட்டுவிட்டு, ஒன்றின் விளைபொருள் மற்றதிடம் கைமாறும் இடத்தை மட்டும் ஒழுங்குபடுத்தினால் போதும் என்ற முடிவுக்கே நாங்கள் வந்தோம்.

ஓபன்ஜேடிகேயில் மேக் படிக்கும் கோப்புகளான மேக்ஃபைல்கள் வெறும் தொகுப்புக் கட்டளைகள் அல்ல. முதலில் பூட் ஜேடிகே எனப்படும், ஏற்கெனவே தயாராக உள்ள ஜேடிகேயைக் கொண்டு ஓர் இடைக்கால ஜாவா கம்பைலரை உருவாக்கி, அதைக் கொண்டே புதிய வகுப்புகளைத் தொகுப்பது, ஜாவாவின் மெய்நிகர் இயந்திரமான ஹாட்ஸ்பாட்டின் ஒரு பகுதி மூலநிரலைத் தொகுப்பின்போதே உண்டாக்குவது என்று நீண்ட கால அனுபவம் அவற்றுக்குள் இருக்கிறது. இதைக் கிரேடிலில் மறுபடி எழுத முடியும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும் திட்டத்தில், மூலத் திட்டத்தின் ஒவ்வொரு மாற்றத்தையும் உங்கள் முறைக்குப் பெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஓபன்ஜேடிகே குழுவே ஜேஇபி 296 என்ற மேம்பாட்டு முன்மொழிவின் வழியாக ஜேடிகே 10-இல் எட்டு மூலநிரல் களஞ்சியங்களை ஒன்றாக்கியபோதும் ஜாவாஎஃப்எக்ஸ் அதில் சேரவில்லை. 2018-இல் ஜேடிகே 11 வந்ததிலிருந்து, ஆரக்கிள் ஜேடிகேயிலிருந்தும் அது நீக்கப்பட்டு, தனியாகவே வெளியாகிறது.

மறுபக்கம், ஓபன்ஜேஎஃப்எக்ஸின் கிரேடிலும் ஒற்றை முறை அல்ல. இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்கிட்டைத் தொகுக்க அது சிமேக் என்ற இன்னொரு பில்ட் கருவியை அழைக்கிறது. மீடியா பகுதிக்கு மேக்கை அழைக்கிறது. ஆகவே, கருவிகளை ஒன்றாக்கினோம் என்று எவர் சொன்னாலும், மேலே ஒரு கட்டளையும் உள்ளே பல கருவிகளும் என்பதுதான் உண்மை நிலை. அந்த நிலையை ஏற்றுக்கொண்டு வடிவமைப்பதே நேர்மையான பொறியியல்.

இணைப்புக்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. ஓபன்ஜேஎஃப்எக்ஸின் பில்ட், 'மாடுலர் எஸ்டிகே' என்ற கோப்புறையை உருவாக்கும். அதில் மாட்யூல்கள் எனப்படும் பகுதிகளின் ஜாவா வகுப்புகளும், இயங்குதளத்துக்கென்றே தொகுக்கப்பட்ட நேட்டிவ் நூலகங்களும் தனித்தனியாக இருக்கும். ஓபன்ஜேடிகேயில் பில்டுக்கு முன் இயக்கும் கான்ஃபிகர் கட்டளையில் 'வித் இம்போர்ட் மாட்யூல்ஸ்' என்ற தெரிவுக்கு அந்தக் கோப்புறையைக் காட்டினால், மேக் அவற்றையும் சேர்த்தே இறுதி இமேஜை, அதாவது வழங்கத் தயாரான ரன்டைமை, உருவாக்கும். ஜாவாஎஃப்எக்ஸைத் தொகுக்க ஜேடிகே வேண்டும், ஜேடிகேயை முடிக்க ஜாவாஎஃப்எக்ஸ் வேண்டும் என்று இது சுழல்போலத் தோன்றலாம். முந்தைய ஜேடிகேயைக் கொண்டு ஜாவாஎஃப்எக்ஸை முதலில் தொகுத்துவிட்டால் சுழல் அவிழ்ந்துவிடும். ஜாவாஎஃப்எக்ஸ் 21-க்கு ஜேடிகே 17 இருந்தாலே இயங்கப் போதும் என்பதுபோல் அதன் தேவை எப்போதும் சற்றுப் பின்தங்கியே இருப்பதால் இது சாத்தியமாகிறது.

உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உங்கள் உழைப்பை இங்கே செலவிடுங்கள். கிரேடில் ஒரு கோப்பு மாறியதா என்பதை அதன் உள்ளடக்கத்தைக் கொண்டு தீர்மானிக்கிறது. மேக், கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைக் காட்டும் நேரமுத்திரையைக் கொண்டு தீர்மானிக்கிறது. ஒவ்வொரு முறையும் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால், எதுவும் மாறாதபோதும் மேக் அனைத்தையும் மறுபடி செய்யும். பழைய நேரமுத்திரையோடு விரிக்கப்பட்ட கோப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: உள்ளடக்கம் புதிதாக இருந்தும் மேக் அதைக் கண்டுகொள்ளாமல் பழையதையே இமேஜில் வைத்துவிடும். புதிய வகுப்புகளும் பழைய நேட்டிவ் நூலகமும் ஒன்றாகச் சேர்ந்த ரன்டைம், பயனர் சாளரத்தைத் திறக்கும்போதுதான் செயலிழந்து விழும். இதற்கு நாங்கள் பயன்படுத்தும் தீர்வு எளியது. இடையில் ஒரு கோப்புறையை வைத்து, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியை, உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் செக்சம் ஒப்பீட்டோடும், நேரமுத்திரையைப் பாதுகாக்கும் தெரிவு இல்லாமலும் இயக்குகிறோம். உள்ளடக்கம் மாறிய கோப்புகள் மட்டும் புதிய நேரத்தைப் பெறுகின்றன. மேக் எதிர்பார்ப்பதும் அதுவே.

இரு திட்டங்களிலும் மூலநிரலின் எந்த நிலையைப் பயன்படுத்துகிறோம் என்று காட்டும் கமிட் அடையாளங்களையும் ஒரே கோப்பில் பதிந்து, மேலே ஒரு சிறிய ஸ்கிரிப்ட் அதைப் படித்து இரண்டையும் வரிசையாக இயக்கும்படி வையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டாம். வெப்கிட் தொகுப்பு மட்டுமே நினைவகத்தை நிரப்பிவிடக்கூடியது.

வெப்கிட்டையும் மீடியா நூலகங்களையும் தொகுக்கும் தெரிவுகள் கிரேடிலில் இயல்பாக அணைந்தே இருக்கும் என்பதையும் கவனியுங்கள். சாளரத்துக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்வியூ தேவையில்லை என்றால் அப்படியே விடலாம். தேவை என்றால், இமேஜ் தயாரானதும் மாட்யூல் பட்டியலில் ஜாவாஎஃப்எக்ஸ் வெப் தெரிகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள், ஏனெனில் அது வகுப்புகள் வந்துசேர்ந்ததற்கு மட்டுமே சான்று. நேட்டிவ் நூலகமும் ஏற்றப்படுகிறதா என்பதை அறிய, வெப்வியூ கொண்ட ஒரு சிறிய சாளரத்தைத் திறந்து மூடும் சோதனையைப் பில்டின் கடைசிப் படியாக வையுங்கள். திரை இணைக்கப்படாத லினக்ஸ் சேவையகத்தில் அதற்கு எக்ஸ்விஎஃப்பி என்ற மெய்நிகர் திரை போதும்.