பணம் வரும்வரை அட்மின் கணக்கை முடக்கி வைக்கலாமா?

கேள்வி: ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் மென்பொருள் பொறியாளராக இருந்துவிட்டு விலகினேன். "அவ்வப்போது உதவி செய்யுங்கள், மணிக்கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுகிறோம்" என்று மேனேஜர் வாய்மொழியாகக் கேட்டார். நம்பி ஒப்புக்கொண்டேன். எட்டு மாதமாக நேரம் காலம் இல்லாமல் கூப்பிடுகிறார், இன்னும் தனக்குக் கீழே இருப்பவனைப் போல அதட்டுகிறார். கடைசி மூன்று இன்வாய்ஸுக்குப் பணம் வரவில்லை. கேட்டால், போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்ய மாட்டேன் என்று அன்று நான் போட்ட கையெழுத்தைக் காட்டி மிரட்டுகிறார். அவர்களுடைய சர்வரின் அட்மின் கணக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பணம் வரும்வரை அதை முடக்கி வைக்கலாமா? மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி அந்த மேனேஜரைப் பற்றியது. சட்டத்தின் கண்ணில் படுவது கடைசியில் நீங்கள் சொல்லியிருக்கும் ஒரு வரிதான்: அட்மின் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. அதை முடக்காதீர்கள். இன்றே ஒப்படையுங்கள்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். அதட்டலுக்கும் நேரங்கெட்ட அழைப்புக்கும் வழக்குப் போட்டு எதுவும் ஆகாது. நீங்கள் ஊழியர் இல்லை. போனை எடுக்காமல் இருக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். கட்டணப் பாக்கி வழக்கில் மன உளைச்சலைச் சேர்த்தால் உங்கள் கோரிக்கைதான் பலவீனமாகும். போட்டி நிறுவனக் கையெழுத்துக்குப் பயப்பட வேண்டாம். வேலையை விட்ட பிறகும் ஒருவர் தொழில் செய்யக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனை, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி செல்லாது. 1980-இல் கிருஷன் முர்காய் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.பி. சென்னும் தன் தனித் தீர்ப்பில் அதையே சொன்னார். ஆனால் ரகசியம் காப்பதாகக் கொடுத்த உறுதி உங்களைத் தொடர்ந்து கட்டுப்படுத்தும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை உங்கள் நிலை மோசமில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், அவர்கள் கேட்டுத்தான் செய்தீர்கள், இனாமாகச் செய்யவில்லை, பலனை அவர்கள் அனுபவித்தார்கள் என்று காட்ட முடிந்தால் போதும். வாட்ஸ்அப் செய்திகள், மெயில்கள், முன்பு பணம் வந்த இன்வாய்ஸ்கள் அதற்கு உதவும். அவற்றுக்கு டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால், அதைச் சம்பளமாகக் காட்டியிருக்கிறார்களா, தொழில்முறைக் கட்டணமாகவா என்று பாருங்கள். கட்டணம் என்றால், நீங்கள் வெளியாள் என்று அவர்களே பதிவு செய்துவிட்டார்கள். பணம் தரும் தேதி பேசப்படாத வேலைக்கு, அந்த வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் வழக்குப் போடக் காலவரம்பு. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ஓடும்.

சரி, இப்போது அந்த அட்மின் கணக்கு. இதே கோபத்தோடு என்னிடம் வந்த சிலர், வருவதற்கு முன்பே பாஸ்வேர்டை மாற்றிவிட்டிருந்தார்கள். அதுவரை பாக்கி வைத்தவர்கள் எதிர்த்தரப்பு. மாற்றிய மறுநாள் இவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியில்லாமல் கணினியில் நுழைவது, தரவை எடுப்பது, அழிப்பது மட்டுமல்ல, நுழைய உரிமையுள்ளவரைத் தடுப்பதையும் சொல்கிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவு: மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஆனால் நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் போலீஸ் வழக்குப் பதிவு செய்யலாம், உங்கள் லேப்டாப்பைக் கைப்பற்றலாம். மற்ற வாடிக்கையாளர்களின் வேலையும் அதில்தானே இருக்கும்? தண்டனை வருகிறதோ இல்லையோ, பிழைப்பு அன்றே நின்றுபோகும். "என் பணத்துக்காகத்தான் செய்தேன்" என்ற பதிலை விசாரணையில்தான் சொல்ல முடியும், அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"நான் எழுதிய புரோகிராம் கோடு, என் சொத்து" என்று ஒரு வாதம் வரும். ஊழியராக இருந்தபோது எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துடையது. விலகிய பிறகு எழுதியதன் பதிப்புரிமை, எழுத்துமூலம் மாற்றிக் கொடுக்காதவரை உங்களுடையதாக இருக்கலாம். இருந்தாலும், அதைத் திரும்ப எடுக்க அவர்கள் சர்வருக்குள் போக அந்த உரிமை வழி கொடுக்காது. ஆதாரம் எடுக்கவும் உள்ளே போகாதீர்கள், உங்களிடம் ஏற்கெனவே இருப்பது போதும். இன்னொன்று, நீங்கள் எதையுமே தொடாமல் இருந்தாலும், அங்கே நாளை ஏதாவது கெட்டுப்போனால் முதல் சந்தேகம் அட்மின் கணக்கு வைத்திருப்பவர் மேல்தான் விழும். எனக்கு உங்களைப் பற்றி உள்ள பெரிய கவலை இதுதான்.

ஆகவே மேனேஜருக்கு மட்டும் இல்லாமல், நிர்வாகத்தின் பொது முகவரிக்கும் ஒரு மெயில் அனுப்புங்கள். கணக்கை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேளுங்கள், ஒப்படைத்ததும் பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்குங்கள். இனி வேலை எழுத்தில் கேட்டால்தான், முன்பணம் வந்தால்தான் என்று அதிலேயே சொல்லிவிடுங்கள். நிலுவைப் பட்டியலைத் தனி மெயிலில் அனுப்புங்கள். ஒப்படைப்பையும் பாக்கியையும் ஒரே மெயிலில் எழுதினால், பணம் தந்தால்தான் பாஸ்வேர்டு என்று நீங்கள் பேரம் பேசியதாகப் படிக்க இடம் கொடுக்கும்.

அப்புறம், வெளிப்படையாகவே சொல்கிறேன்: மூன்று இன்வாய்ஸுக்காக வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டாம். வக்கீல் நோட்டீஸுக்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு தர முன்வந்தாலும் வாங்கிக்கொண்டு சமரசமாகப் போய்விடுங்கள். அந்தச் சமரசக் காகிதத்தில் அவர்களுக்கு வேண்டிய வரி, உங்களுக்கு இனி பாக்கி எதுவும் இல்லை என்பது. உங்களுக்கு வேண்டிய வரி, அட்மின் கணக்கைக் குறிப்பிட்ட தேதியில் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம், அது தொடர்பாக உங்கள் மேல் எந்தப் புகாரும் இல்லை என்பது. அது இல்லாத காகிதத்தில் முழுப் பணத்துக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.