ஹாங்காங்கில் அன்றாடக் கான்டனீஸ் சொற்களைச் சரியாகப் பேச எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

தப்பாகப் பேசி மாட்டிக்கொண்டுதான்.

முதலில் சறுக்கியது நன்றி சொல்வதில். கான்டனீஸில் அதற்கு இரண்டு சொற்கள். லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டாலோ, டீயைக் கொண்டுவந்து வைத்தாலோ 'ம்கோய்'. பொருளாக ஏதாவது கொடுத்தாலோ, நம்மைப் பாராட்டினாலோ 'டோ ஜே'. வெயிட்டரைக் கூப்பிட, கூட்டத்தில் வழிவிடச் சொல்ல என்று எல்லாவற்றுக்கும் ம்கோய் உதவும் என்பதால், அதை மட்டும் வைத்தே காலத்தை ஓட்டினேன். சீனப் புத்தாண்டுக்கு எதிர்வீட்டு அம்மா சிவப்பு உறையில் 'லாய் சீ' என்கிற புத்தாண்டுப் பணம் கொடுத்தார். ஒரு கையால் வாங்கி 'ம்கோய்' என்றேன். அவர் உறையை விடவே இல்லை. இரண்டு கைகளாலும் பிடித்து 'டோ ஜே' சொன்ன பிறகுதான் விட்டார்.

அப்புறம் தொனி. 'மாய்' என்று குரலைக் கீழிருந்து ஏற்றினால் வாங்குவது, ஏற்றாமல் தாழ்வாகவே நிறுத்தினால் விற்பது. நார்த் பாயிண்ட்டில் சுன் யூங் தெருச் சந்தைக்கு நடுவே டிராம் போகும். அந்தச் சத்தத்தில் மீன்காரரிடம் 'மீன் விற்க வேண்டும்' என்று சொல்லிவிட்டேன். அவர் என் பையை எட்டிப் பார்த்து, "எங்கே மீன்?" என்றார். நோட்டில் தமிழில் எழுதி வைத்தது தான் வினை. இரண்டும் 'மாய்' என்றுதானே இருக்கும்! கான்டனீஸை ஆங்கில எழுத்துகளில் எழுதும் ஜ்யுட்பிங் முறையில் தொனிகளுக்கு 1 முதல் 6 வரை எண் உண்டு. வாங்க 5, விற்க 6. அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் எண்ணையும் எழுதுகிறேன்.

நமக்குச் சுலபமாக வருவதும் உண்டு. 'சிக் ஜோ ஃபான் மெய்?' என்றால் 'சாப்பிட்டாச்சா?' நம்மூர் மாதிரியே அது சும்மா ஒரு விசாரிப்பு. என்ன சாப்பிட்டோம் என்று விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக வந்தது மினிபஸ். சிவப்பு மினிபஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் நாம்தான் கத்திச் சொல்ல வேண்டும்: 'யாவ் லொக், ம்கோய்!' இறங்க ஆள் இருக்கு என்று அர்த்தம். கூச்சத்தில் வாய் வராமல், வேறு யாராவது கத்தும் வரை உட்கார்ந்திருந்து வீட்டுக்குத் திரும்பி நடந்த நாட்கள் பல. ஒருநாள் மழை. நடக்க முடியாது. வேறு வழியில்லாமல் கத்தினேன். டிரைவர் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓரம் கட்டினார்.