இரண்டு வருஷமா, எழுபது வருஷமா?

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். கட்டாய ராணுவச் சேவை 2024-இல் அமலுக்கு வந்ததும் என் ஒரே மகனைத் தாய்லாந்துப் பக்கம் அனுப்பிவிட்டேன். ஐந்து மாதமாக அவனிடமிருந்து போன் இல்லை. தோசைக்கடையைத் திறக்க மனம் வரவில்லை. ‘வருஷ முடிவுக்குள் வீட்டுக்கு வந்துவிடுவான், விசுவாசத்தோடு அறிக்கையிடு’ என்று எங்கள் ஜெபக்கூட்டத்தில் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். வருஷம் முடிந்துவிட்டது. இப்போது என் விசுவாசக் குறைவுதான் காரணம் என்கிறார்கள். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. உபவாசம் இருந்தால் சரியாகுமா?

ஒரு சகோதரி

அன்புள்ள அக்கா,

உபவாசம் வேண்டாம். ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாமல்தான் இருப்பீர்கள். வார்த்தை வராவிட்டால் 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். அது இருளிலேயே முடிகிற ஜெபம். அதற்கும் வேதத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது அந்தத் தீர்க்கதரிசனம்தான். கொஞ்ச காலமாக வேதத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 28, 29ஆம் அதிகாரங்களையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

எருசலேம் ஜனங்களில் ஒரு பகுதியைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்புவார்கள் என்றான். எரேமியா முதலில் ஆமென் என்றுதான் சொன்னார். அவருக்கு மட்டும் ஆசை இருக்காதா? ஆனால் சிறைப்பட்டவர்களுக்கு அவர் அனுப்பிய கடிதத்தில் கணக்கு எழுபது வருஷம். வாசிக்கிற பெரியவர்கள் ஊர் திரும்பாமலே சாவார்கள் என்று தெரிந்து எழுதியது அது. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று நம் வீட்டுக் காலண்டர்களில் தொங்குகிற வசனம் அந்தக் கடிதத்தில் 11ஆம் வசனம். எழுபது வருஷம் இருப்பது 10ஆம் வசனத்தில். பத்தை வெட்டிவிட்டுப் பதினொன்றை மட்டும் கொடுக்கிறவர்கள் அனனியாவின் வேலையைத்தான் செய்கிறார்கள். ஜனங்களைப் பொய்யை நம்ப வைத்தாய் என்றுதான் அவனுக்குத் தீர்ப்பு வந்தது. பொய்த்துப்போன தேதிக்குச் சொன்னவர்கள் பதில் சொல்லட்டும். அந்தப் பழியை நீங்கள் ஏன் அக்கா சுமக்கிறீர்கள்?

நம் மண்ணிலேயே பாருங்கள். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-இல் ரங்கூனில் இறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுக்க 1819 ஆயிற்று. ஆங்கிலேயரோடு நடந்த முதல் போரின்போது அன்றைய பர்மியத் தலைநகர் ஆவாவில் காலில் விலங்கோடு சிறை. 1826-இல் மனைவி ஆன் இறந்துபோனார், அடுத்த வருஷம் குழந்தையும் இறந்துபோயிற்று. அப்புறம் காட்டில் குடிசை போட்டுத் தனியே கிடந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் கண்டடைய முடியவில்லை என்று எழுதினார். உங்கள் கூட்டத்தார் அவரிடமும் விசுவாசக் குறைவு என்று சொல்வார்களா? 1834-இல் அவர் முழு வேதாகமத்தையும் பர்மியில் மொழிபெயர்த்து முடித்தார். இன்றும் பர்மிய சபைகளில் அதைத்தான் வாசிக்கிறார்கள்.

1964-இல் பர்மிய அரசு கடைகளை அரசுடைமை ஆக்கியபோது எங்கள் தாத்தாவின் துணிக்கடையும் போயிற்று. மே மாதம் ஐம்பது, நூறு சாட் (பர்மிய நாணயம்) நோட்டுகள் செல்லாது என்றார்கள். உறவுக்காரர்கள் மதராஸுக்குக் கப்பல் ஏறினார்கள். சீக்கிரமே எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று ஜெபித்துவிட்டுப் போக அப்போதும் ஆட்கள் வந்தார்கள். பாட்டி அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, கொல்லையில் முருங்கை நட்டார், முறுக்குச் சுட்டு விற்றார். கடை கடைசிவரை திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் பாட்டி ஒருநாளும் விட்டதில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை என்றால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார். கர்த்தர் தேதி கொடுக்கவில்லை, ஆனாலும் கைவிடமாட்டார் என்று அடுத்த நாள் மாவு பிசைந்தார்.

எரேமியாவின் கடிதமும் அப்படித்தான் தொடங்குகிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். கடையைப் பூட்டி வைத்தால் மகன் சீக்கிரம் வந்துவிடுவானா? உங்கள் தோசையை நம்பிக் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் அந்தத் தெருவில் இருப்பார்கள். திங்கட்கிழமை திறந்துவிடுங்கள். அந்த ஜெபக்கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் போகாதீர்கள், நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

மகனின் முழுப்பெயர், வயது, கடைசியாக எந்த ஊரிலிருந்து பேசினான் என்பதைத் தனிக் கடிதத்தில் எழுதுங்கள். இங்கே பொதுவில் எழுத வேண்டாம். தாய்லாந்து எல்லையில் உள்ள மே சோட் ஊரில் எனக்குத் தெரிந்த போதகர் ஒருவர் இருக்கிறார், விசாரிக்கச் சொல்கிறேன்.