வைரஸ் நிமோனியா என்கிறார்கள், ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் 84%. எது சரி?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு இன்ஃப்ளூயன்சாவால் வந்த நிமோனியா என்று டாக்டர் சொல்கிறார். ரத்தப் பரிசோதனையில், வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் 84 சதவீதம். நியூட்ரோஃபில் ஏறினால் பாக்டீரியா என்றுதானே படித்தோம், வைரஸில் அதற்கு என்ன வேலை?

நான் டாக்டர் இல்லை. லேப் டெக்னீஷியன். லீஷ்மன் சாயம் போட்ட ஸ்லைடில் நூறு வெள்ளை அணுக்களை எண்ணி, எந்த வகை எத்தனை என்று எழுதியே பாதி வயது போய்விட்டது. இப்போது மெஷின் எண்ணுகிறது, சந்தேகம் வந்தால்தான் ஸ்லைடு. பழைய ரிப்போர்ட்டுகளில் 'பாலிமார்ஃப்ஸ்' என்று இருப்பதும் இதே நியூட்ரோஃபில்தான்.

"நியூட்ரோஃபில் என்றால் பாக்டீரியா, லிம்ஃபோசைட் என்றால் வைரஸ்" என்று எனக்கும் டிப்ளமோவில் சொல்லிக் கொடுத்தார்கள். லிம்ஃபோசைட்டும் வெள்ளை அணுவில் இன்னொரு வகைதான். சாதாரண வைரஸ் காய்ச்சலில் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அம்மாவின் மொத்த வெள்ளை அணு 4,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 84 சதவீதம் 3,528. இது சாதாரண அளவுதான்! அப்படியானால் நியூட்ரோஃபில் ஏறவில்லை, லிம்ஃபோசைட் இறங்கியிருக்கிறது. கடுமையான இன்ஃப்ளூயன்சாவிலும் கோவிடிலும் இது அடிக்கடி நடக்கும். கோவிட் காலத்தில் நியூட்ரோஃபிலுக்கும் லிம்ஃபோசைட்டுக்கும் உள்ள விகிதத்தை டாக்டர்கள் கவனித்ததும் இதனால்தான். விகிதம் ஏற ஏற நோய் முற்றுகிறதோ என்ற கவலை. ஆகவே முதலில் மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள்.

மொத்தமும் ஏறியிருந்தால்? அப்போதும் பாக்டீரியா என்று உடனே முடிவு கட்ட முடியாது. வைரஸ் புகுந்த நுரையீரல் செல்கள் இன்டர்லூகின்-8 போன்ற பொருள்களைச் சுரந்து ஆள் கூப்பிடும். முதலில் ஓடி வருவது நியூட்ரோஃபில்தான். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரிக்கிறது, ஆளுக்குப் பஞ்சமே இல்லை. போதாக்குறைக்கு நுரையீரலிலேயே ஒரு கூட்டம் எப்போதும் நிற்கும். அங்குள்ள தந்துகிகள் (மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள்) பல இடங்களில் நியூட்ரோஃபிலைவிடக் குறுகல், அதனால் அது உடம்பை நெளித்துத்தான் கடக்க வேண்டும். நம்ம ஊர் திருவிழாச் சந்து மாதிரி, எந்நேரமும் கொஞ்சம் நெரிசல்.

வந்தது சும்மா நிற்பதில்லை. செத்த செல்களை விழுங்கும், வைரஸைத் தாக்கும் பொருள்களைக் கக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது 2015இல் வெளியான ஒரு ஆய்வு. இன்ஃப்ளூயன்சா பிடித்த எலியின் மூச்சுக்குழாயில் நியூட்ரோஃபில் போகிற வழியெல்லாம் ஒரு வேதிப்பொருளைச் சிந்திக்கொண்டே போகிறது. பின்னால் வரும் டி செல்கள் எறும்புச் சாரை மாதிரி அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்பவை அந்த டி செல்கள். 1918 இன்ஃப்ளூயன்சா வைரஸின் மரபணுக்களை வைத்து 2005இல் நடந்த எலி ஆய்வு ஒன்றும் உண்டு. நியூட்ரோஃபில்களை முன்கூட்டியே நீக்கிவிட்டால் வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகியது, எலிகள் அதிகம் செத்தன.

சரி, அப்புறம் ஏன் இதை வில்லன் என்கிறார்கள்? இடம் அப்படி. காற்றறைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமன். அங்கே கூட்டம் கூட்டமாக வந்து எலாஸ்டேஸ் போன்ற புரதம் அறுக்கும் நொதிகளைக் கொட்டினால் சொந்தச் சுவரே கிழியும். நீர் கசியும், ஆக்சிஜன் இறங்கும். இன்னொரு பழக்கமும் உண்டு: தன் டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசும். 2004இல் பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை விவரித்தார்கள். பாக்டீரியாவைப் பிடிக்க நல்ல வலை. கோவிடில் இறந்தவர்களின் நுரையீரலைப் பார்த்தபோது நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்த ரத்தக்கட்டிகளிலும் இந்த வலை இருந்தது.

இடையில் ஒன்று. சளி பச்சையாக வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. அந்தப் பச்சை, நியூட்ரோஃபிலுக்குள் இருக்கும் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியின் நிறம். நியூட்ரோஃபில் வந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி, யார் கூப்பிட்டார்கள் என்று அது சொல்லாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆன்டிபயாடிக் எழுதிய டாக்டரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். இன்ஃப்ளூயன்சாவுக்குப் பின்னால் நிமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நுழைவது சகஜம். 1918 கொள்ளைநோயில் பெரும்பாலான சாவுகளுக்கு அதுவே காரணம் என்று கருதப்படுகிறது. 84க்குப் பின்னால் அதுவும் இருக்கலாம். எக்ஸ்ரே, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), புரோகால்சிடோனின் (பாக்டீரியா தொற்றைக் கணிக்க உதவும் ஒரு ரத்தப் பரிசோதனை), அம்மாவின் நிலைமை எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

கடைசியாக, நானே சறுக்கிய இடம். 2021 மே மாதம் என் மச்சான் கோவிடோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரே நாளில் வெள்ளை அணு 8,000லிருந்து 15,000க்குத் தாவியது, அத்தனையும் நியூட்ரோஃபில். பாக்டீரியா சேர்ந்துவிட்டது என்று நான்தான் அக்காவிடம் சொல்லி அழவைத்தேன். டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிக் காட்டினார்: முந்தின நாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஆரம்பித்திருந்தார்கள். ஸ்டீராய்டு போட்டால் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் கழன்று ஓட்டத்தில் கலந்துவிடும், மஜ்ஜையும் கூடுதலாக அனுப்பும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை, அன்றைக்குப் புத்தியில் ஏறவில்லை. உங்கள் அம்மாவுக்கும் ஸ்டீராய்டு கொடுத்தார்களா, கொடுத்திருந்தால் ரத்தம் எடுத்தது அதற்கு முன்பா பின்பா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.